ஏறுவதைப் பார்த்து வாங்காதீர்கள், இறக்கிப் பாருங்கள்: மலைக்கு எந்த ஆட்டோமேட்டிக் கார்?

இடது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் சொன்னார்: இனிமேல் கிளட்ச் மிதிக்க வேண்டாம். கோத்தகிரியில் குடியிருப்பவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அம்மாவை மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அரவேனு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம், திரும்பும்போது அவ்வளவும் ஏற்றம். பதினான்கு வருடம் கியர் வண்டி ஓட்டிய நான் ஆட்டோமேட்டிக் வாங்கியே ஆக வேண்டும் என்றானது. எதை வாங்குவது என்று நாலு மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். குன்னூர், ஊட்டி, கூடலூர், கொடைக்கானல் என்று எந்த மலையில் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்கலாம் என்று சொந்தக்காரர் ஒருவரின் பழைய ஆட்டோமேட்டிக் காரை எடுத்துக்கொண்டு அம்மாவோடு இறங்கினேன். கியர் கோலை டி-யில் (D, அதாவது வண்டியே கியர் பார்த்துக்கொள்ளும் டிரைவ் நிலை) போட்டேன், பிரேக்கில் கால் வைத்தேன், அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். முள்ளூர் தாண்டியதும் அம்மா, “என்னம்மா, ஏதோ கருகுற வாசனை வருது?” என்றாள். குஞ்சப்பனைக்கு வருவதற்குள் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போக ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. கியர் வண்டியில் கை தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை ஆட்டோமேட்டிக்கில் யாரும் செய்யவில்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் அரசுப் பேருந்தில் மலைத் தடத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டி ஓய்வு பெற்றவர். “வண்டி ஏர்றதை எல்லாருமே பாத்துக்குவாங்க கண்ணு. எறங்குறதைப் பாத்து வாங்கு” என்றார். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பழைய கணக்கு. இரண்டாம் கியரில் ஏறிய சரிவை இரண்டாம் கியரிலேயே இறங்கு, மூன்றுக்குப் போகாதே. ஆட்டோமேட்டிக் வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவேதான் என்றார் அவர். நான் சொன்ன கியரில் நிற்பாயா, அல்லது உன் இஷ்டத்துக்கு மேலே போய்விடுவாயா?

அதன்பிறகு நாங்கள் பார்த்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே சோதனைதான். அரவேனுவிலிருந்து குஞ்சப்பனை வரை மூன்று பேர் உட்கார்ந்து இறங்குவது. வேகம் முப்பதைச் சுற்றி. குஞ்சப்பனையில் நிறுத்தியதும் மாமா இறங்கி, முன் சக்கரத்துக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோவார். தொடமாட்டார், தொட்டால் தோல் போய்விடும். ஒரு சாண் தள்ளிக் கையை வைத்து எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்று பார்ப்பார். கருவி எதுவும் இல்லாத சோதனை. ஆனால் ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே கை என்பதால் வித்தியாசம் துல்லியமாகத் தெரிந்தது. தெரிந்தவர்கள் சிலர் வண்டியைக் கொடுத்து உதவினார்கள். ஒரு ஷோரூமில் மட்டும், “மேடத்துக்கு ஏத்திக் காட்டறோம், இறக்கி எதுக்கு?” என்றார்கள். அங்கே வாங்குவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஏன் இறக்கம்தான் கணக்கு

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நடுவில் 1,450 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஐம்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இதில் கால்வாசி டயர் உருள்வதிலும் காற்றைத் தள்ளுவதிலும் கழிந்துபோகும். மீதி முக்கால்வாசியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

என்ஜின் வாங்கிக்கொண்டால் பிரச்சினை இல்லை. கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் என்ஜினில் காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்ளும். சக்கரம் என்ஜினைச் சுற்ற வைக்கும், என்ஜின் மூச்சிழுக்கத் திணறும், அந்தத் திணறலே வண்டியைப் பிடித்து நிறுத்தும். வெப்பமெல்லாம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெளியே போய்விடும். அப்போது எரிபொருள் பீய்ச்சுவதையும் இன்றைய வண்டிகள் நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், கியரில் இறங்கும்போது எரியாது.

என்ஜின் வாங்காவிட்டால் அத்தனையும் பிரேக் மேல் விழும். சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் ஓர் அளவுக்கு மேல் சூடானால் பிடிமானம் குறையும், மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு ஆபத்து பிரேக் ஆயிலில் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பனியும் மழையும் உள்ள ஊரில் இருக்கிற நாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போடவே கூடாது. எந்த வகை ஆட்டோமேட்டிக் வாங்கினாலும் இது மாறாது.

டி-யில் விட்ட ஆட்டோமேட்டிக் வண்டி என்ன செய்கிறது? ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, வேகம் கூடுகிறது, சரி, சமதளச் சாலையில் சும்மா உருள்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டு மேல் கியருக்குப் போய்விடுகிறது. சரிவை உணர்ந்து கியரைத் தானே குறைக்கும் புத்தியுள்ள வண்டிகளும் உண்டு. அவையும் நம் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பதில்லை, நாம் பிரேக் மிதித்த பிறகுதான் குறைக்கின்றன. வளைவு வருகிறது என்று தெரிந்தவர் ஓட்டுபவர் மட்டும்தான்.

ஏஎம்டியும் டார்க் கன்வெர்ட்டரும்

எனக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

ஏஎம்டி என்பது நம் பழைய கியர் பெட்டிதான். அதே கிளட்ச், அதே கியர். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் மோட்டார் வேலை. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்தபோதுதான் இது நம் ஊர்த் தெருக்களில் பரவியது. சாதாரணக் கியர் வண்டியைவிட அரை லட்சத்தை ஒட்டித்தான் கூடுதல் விலை, பழுது பார்ப்பதும் எளிது. கோலை எம் (M, மேனுவல்) பக்கம் தள்ளினால் கூட்டல், கழித்தல் என்று நாமே கியர் மாற்றலாம். இரண்டில் போட்டுவிட்டால் இரண்டிலேயே நிற்கும். நடுவில் வழுக்குகிற எண்ணெய் எதுவும் இல்லை, சக்கரமும் என்ஜினும் நேராகப் பிணைந்திருக்கும். அதனால் இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் பலம் கியர் வண்டிக்குச் சமம். மாமா குஞ்சப்பனையில் கையை வைத்துவிட்டு, “இது நம்ம பஸ் மாதிரியே நிக்குது” என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அப்படியானால் ஏன் அதையே வாங்கவில்லை? இரண்டு காரணம். ஒன்று, மிக மெதுவாகப் போகும்போது, நடை வேகத்தை நெருங்கும்போது, என்ஜின் நின்றுவிடாமல் இருக்க ஏஎம்டி தானாகவே கிளட்சைப் பிரித்துவிடும். கொண்டை ஊசியில் எதிரே லாரி வந்து நாம் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரம், பிடித்துக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று கையை விட்ட மாதிரி இருக்கும். காலைப் பிரேக்கில் தயாராக வைத்திருந்தால் பயமில்லை. தெரியாதவருக்கு முதல் தடவை வயிற்றைப் புரட்டும்.

இரண்டாவது, ஏற்றத்தில் நின்று எடுப்பது. பழைய ஏஎம்டி வண்டிகளில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும். உருளாமல் இருக்க ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியே வைத்திருப்பார்கள். அது கிளட்சைத் தேய்த்துக் கருக்கிவிடும். ஹில் ஹோல்ட் இருக்கும் வண்டி என்றால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு நொடி பிடித்து வைத்துக்கொள்ளும். மலையில் ஏஎம்டி வாங்குகிறவர், குறிப்பாகப் பழைய வண்டி வாங்குகிறவர், ஹில் ஹோல்ட் இல்லாத ஒன்றைத் தொடவே வேண்டாம் என்பேன். அப்புறம், பெரும்பாலான ஏஎம்டிகளில் பி (P, பார்க்கிங்) என்ற நிலையே கிடையாது. சரிவில் நிறுத்தும்போது கியரில் விட்டு என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு முன்வாசல் இருக்கும் சாய்வில் அம்மாவைக் கைப்பிடித்து இறக்க வேண்டியவள் நான். நியூட்ரலில் விட்டு மறந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

டார்க் கன்வெர்ட்டரில் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் நிரம்பிய ஒரு கூடு. என்ஜின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் கியர் பெட்டியைச் சுழற்றும். மேட்டில் நின்று எடுக்கும்போது இதற்கு ஈடு இல்லை. தேய்வதற்கு எதுவும் இல்லாததால் மெதுவாக ஊர்ந்து ஏறுவதில் கஷ்டமே படாது. ஆனால் எண்ணெய் வழியாகப் போகிற பிடி என்பதால் இறக்கத்தில் கொஞ்சம் வழுக்கும் என்ற பழைய குற்றச்சாட்டு உண்டு. நான்கு கியர் மட்டும் இருந்த பழைய வண்டிகளில் அது நிஜம்தான். அவற்றில் 2, எல் (L, கீழ் கியர்) என்ற இடங்களும், கடைசி கியருக்குப் போக விடும் ஓவர்டிரைவ் பொத்தானும் இருக்கும். ஓவர்டிரைவை அணைத்து 2-ல் போட்டு இறங்க வேண்டும். நான் புகை கிளப்பிய வண்டியில்கூட அந்த 2 இருந்தது, நான்தான் கை வைக்கவில்லை.

இப்போது வரும் ஆறு கியர் பெட்டிகள் வேறு மாதிரி. 2022-ல் வந்த புதிய பிரெஸ்ஸாவில் இருப்பது போன்ற ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு இருக்கிறது. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் வேகம் கொஞ்சம் பிடித்ததுமே எண்ணெயைத் தாண்டி என்ஜினையும் கியரையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் விழுந்துவிடும். அப்போது பிடிமானம் கியர் வண்டியை நெருங்குகிறது. சோதனையில் ஏஎம்டியைவிட ஒரு நூல் குறைவுதான். ஆனால் கொண்டை ஊசியில் ஊர்ந்தபோது சட்டென்று விட்டுவிடவில்லை, மெதுவாக இளகியது. அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டு. ஏஎம்டியில் கியர் மாறும்போது வரும் தலையாட்டல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இதில் கண்ணை மூடி உட்கார்ந்து வந்தாள். இதையும் ஒரு கணக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். விலைதான் இடித்தது. கியர் வண்டியைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல், மைலேஜும் கொஞ்சம் குறைவு.

என்ஜின் அளவையும் பார்க்க வேண்டும். பெரிய பெட்ரோல் என்ஜின் காலை எடுத்தால் கனமாகப் பிடிக்கும், ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜின் அவ்வளவு பிடிக்காது. எவ்வளவு டர்போ பலம் இருந்தாலும் இறக்கத்தில் அந்தப் பலம் உதவாது, என்ஜினின் உடம்புதான் உதவும். டீசல் வண்டிகளும் பலவிதம், ஒன்று போல் இன்னொன்று பிடிப்பதில்லை, இறக்கிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சிவிடியும் டிசிடியும்

சிவிடியில் கியரே கிடையாது. இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும், கப்பியின் அகலம் மாறிக்கொண்டே இருக்கும். பனிமூட்டத்தில் ஊர்ந்து போக இதைவிட மென்மையான வண்டி இல்லை. டி-யில் விட்டு இறங்கினால் சிலவற்றில் என்ஜின் சத்தமே கேட்காமல் நியூட்ரலில் போவது போல உருளும். இதுதான் பயம். ஆனால் டி-க்குக் கீழே எஸ் (S, ஸ்போர்ட்) அல்லது எல் இருக்கும். எல்-லில் தள்ளினால் என்ஜின் உறுமத் தொடங்கி வண்டியை நன்றாகவே பிடிக்கும். துடுப்பு உள்ளவற்றில் பொய்க் கியர்கள் வைத்திருக்கிறார்கள், அவையும் வேலை செய்கின்றன. வாங்குமுன் எல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டி-யைத் தவிர வேறு எதுவும் இல்லாத வண்டி மலைக்கு ஆகாது. சோதனையில் சிவிடி எல்-லில் டார்க் கன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் பின்னால் நின்றது. சக்கரச் சூட்டில் பெரிய குறை இல்லை, இருபது நிமிடம் தொடர்ந்து கேட்ட உறுமல்தான் என்னை விலக்கியது. அது என் ரசனை, உங்களுக்குப் பிரச்சினையாக இல்லாமல் போகலாம்.

டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச். இறக்கத்தில் இதுவே ராஜா. நினைத்த மாத்திரத்தில் கியர் விழும், விழுந்த கியரை விடவே விடாது. ஆனால் நம் மலைக்கு இன்னொரு முகம் இருக்கிறது: மே மாதச் சீசன். குன்னூர் சாலையில் பர்லியாரிலிருந்து காட்டேரி வரை வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து ஏறும். உலர் கிளட்ச் வகை டிசிடி அந்த ஊர்தலில் சூடாகிவிடும். ஆக்சிலரேட்டரால் மேட்டில் பிடித்து வைத்தால் இன்னும் சீக்கிரம். எண்ணெயில் நனையும் கிளட்ச் கொண்டவை, 2022-ல் டாடா ஆல்ட்ரோஸில் வந்தது போல, இதைத் தாங்கும். உலர் கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் முன்வண்டியோடு ஒட்டி ஊராமல், ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்ததும் ஒரே மூச்சில் போய் நிறுத்துவது நல்லது.

மலைமேல் வீடு இருந்தால் மின்சார வண்டி

மின்சாரக் கார் இந்தக் கணக்கில் தனிச் சாதி. இதில் கியரும் கிடையாது, என்ஜினும் கிடையாது. ஆனால் காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரியில் சேமிக்கும். நெக்சான் ஈவி போன்றவற்றில் இந்தப் பிடிப்பை எவ்வளவு வேண்டும் என்று படிப்படியாக வைத்துக்கொள்ளலாம். உச்ச அளவில் வைத்து அரவேனுவிலிருந்து இறங்கினோம். பிரேக் பெடலைத் தொட்டது எண்ணி நாலு தடவை. மாமா சக்கரத்துக்கு அருகே கையை வைத்தார், எடுக்கவே இல்லை. வைத்தபடியே என்னைப் பார்த்தார். மேலே நான் எழுதிய ஐந்தரை யூனிட்டில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி வரும். 24 யூனிட் பேட்டரி என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும்.

ஆனால் மலைமேல் வீடு உள்ளவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தைப் போட இடம் இல்லை. அப்போது மோட்டார் பிடிப்பதைக் குறைத்துவிடும், சில வண்டிகளில் இல்லாமலே போய்விடும். சமவெளிக்காரர் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு கிளம்புவார், ஏறுவார், அவருக்கு ஒன்றும் ஆகாது. நாம் அதே மாதிரி நூறு சதவீதத்தோடு கிளம்பினால் முதல் அடியே இறக்கம். காலை எடுத்தால் பிடிக்கும் என்று நம்பிப் போகும்போது பிடிக்காது, பிரேக்தான் முழு வேலையும் செய்ய வேண்டும். அதனால் கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருப்பவர் 80, 85-ல் சார்ஜை நிறுத்திவிட வேண்டும். அது ஒன்றைக் கடைப்பிடித்தால் இறக்கத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வண்டி நான் பார்த்ததில் இல்லை.

ஹைபிரிட் வண்டிகளில் பேட்டரி மிகச் சின்னது, கொஞ்ச தூரத்திலேயே நிரம்பிவிடும். டொயோட்டா ஹைரைடர் போன்றவற்றில் பி (பார்க்கிங்கின் P இல்லை, B) என்று ஓர் இடம் இருப்பது அதற்காகத்தான், அதில் போட்டால் என்ஜினும் சேர்ந்து பிடிக்கும். பார்க்கிங் என்று நினைத்து அதை யாரும் தொடுவதில்லை என்பது வருத்தமான விஷயம்.

எனக்கு மின்சார வண்டி ஏன் கூடவில்லை? எங்கள் வீட்டில் வண்டி நிறுத்துவது தெருவோரத்தில், அங்கே சார்ஜர் வைக்க வழி இல்லை. அந்த ஒரு காரணம்தான். சொந்தக் காரேஜ் உள்ளவர்கள் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம், மின்சாரத்தையே எடுங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

எந்த வண்டியானாலும் கால் செய்ய வேண்டியது

கோத்தகிரி சாலையில் இறங்குவதா, குன்னூர் சாலையில் இறங்குவதா என்று கேட்பவர்களுக்கு: சீசனில் காவல்துறையே பெரும்பாலும் முடிவு செய்துவிடும், குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். மற்ற நாட்களில் எது பழக்கமோ அது. குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசிகள், அகலம் பரவாயில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி இறங்குவது மட்டும் வேறு கதை. 36 கொண்டை ஊசிகள், செங்குத்தான சரிவு. வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடாமல் தடுப்பது சும்மா இல்லை, பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளால்தான் அந்தத் தடை வந்தது. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டி என்பதால் நமக்கு அனுமதி உண்டு. ஆனால் ஆட்டோமேட்டிக்குக்குப் புதியவர்கள் கூடலூர் வழியாகச் சுற்றிப் போவதே நல்லது, தூரம் இரண்டு மடங்குக்கு மேல் என்றாலும்.

இறங்கத் தொடங்கும் முன்பே, மேலேயே, கியரைக் குறைத்துவிடுங்கள். வேகம் ஏறிய பிறகு இரண்டைக் கேட்டால், என்ஜின் சுழற்சி எல்லை தாண்டும் என்று வண்டி மறுத்துவிடும். பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்தால்தான் கொடுக்கும். கியர் விழுந்ததும் என்ஜின் மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் கத்தும். பயப்பட வேண்டாம். அது சுமை தாங்கும் சத்தம், உடையும் சத்தம் இல்லை.

பிரேக்கில் காலை ஓயாமல் ஒட்டி வைக்கக் கூடாது. வேகம் 35-ஐத் தொட்டால் அழுத்தமாக மிதித்து 25-க்குக் கொண்டுவாருங்கள், காலை முழுக்க எடுத்துவிடுங்கள். எடுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் டிஸ்க்கில் காற்று பட்டு ஆறும். லேசாக மிதித்தபடியே வருவது மெதுவான ஓட்டம் போலத் தெரியும், ஆனால் அதுதான் புகை கிளப்பும், என் விஷயத்தில் நடந்ததும் அதேதான். வளைவுக்கு முன் நேர்ச் சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் மிதிப்பது மழையில் வழுக்கிவிடும். இடது கால் வேலையில்லாமல் இருக்கிறதே என்று அதைப் பிரேக்குக்குக் கொடுக்காதீர்கள். கிளட்ச் மிதித்துப் பழகிய கால், பிரேக்கையும் அதே வேகத்தில் அமுக்கிவிடும். இரண்டு பெடலும் வலது காலுக்கே.

சில வண்டிகளில் ஹில் டிசென்ட் பொத்தான் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு இறங்கலாமா என்று கேட்கிறார்கள். அது எஸ்டேட் மண் பாதை போன்ற சின்னச் சரிவுக்கு. பிரேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடித்துத்தான் அது வேலை செய்கிறது. முப்பது கிலோமீட்டருக்கு அதைப் போட்டால் சூடு ஏறுவது நம் காலால் ஏறுவதைப் போலத்தான்.

என்ஜின் பிடித்து இறங்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்கு நாம் வேகம் குறைப்பது தெரியாது. அதனால் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இரண்டு முறை தொடுவது நல்லது. இன்னொன்று, உருளும்போது என்ஜினை அணைக்கவே கூடாது. என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் கிடைக்கும். அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

கருகும் வாசனை வந்தால் நிறுத்துங்கள். அரை மணி நேரம் காற்றில் ஆறட்டும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். பெடல் உள்ளே போய்விட்டால் விட்டு விட்டு வேகமாக மிதித்தால் கொஞ்சம் பிடி திரும்பலாம். அதோடு கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைச் சட்டென்று இல்லாமல் மெதுவாக இழுத்து, வேறு வழியே இல்லையென்றால் மலைப்பக்கம் உரசி நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது.

நிறுத்தும்போதும் ஒரு வரிசை இருக்கிறது. பிரேக் மிதித்து நிறுத்தி, என்-னில் (N, நியூட்ரல்) போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெதுவாக எடுத்துப் பாருங்கள். வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததும் மறுபடி பிரேக் மிதித்து பி-யில் போடுங்கள். நேரே பி-யில் போட்டால் மொத்தப் பாரமும் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் தொங்கும். மறுநாள் கோலை எடுக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வருவது அதனால்தான். முன் சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வையுங்கள், கல் கொடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில் விட்டபோது, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் சக்கரம் மட்டும் போதாது என்று நடுவில் பல்சட்டம் போட்டார்கள். அந்த ரயிலில் இன்றும் பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்கிறார். ஏற்றுவதற்கு ஓர் என்ஜின், இறக்குவதற்கு இத்தனை பேர். சிறுவயதில் அதைப் பார்த்து எதற்கு இத்தனை ஆள் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் அன்று சொன்ன பதில் நினைவில்லை, இப்போது தேவையும் இல்லை.

கடைசியில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், பெரிய பெட்ரோல் என்ஜின், துடுப்பு உள்ள வண்டியைப் பதிவு செய்திருக்கிறேன். கையில் ஒரு லட்சம் குறைவாக இருந்திருந்தால் ஹில் ஹோல்ட் உள்ள ஏஎம்டியை யோசிக்காமல் எடுத்திருப்பேன், வீட்டுக்கு முன் கட்டை ஒன்று செய்து வைத்திருப்பேன். வண்டி வர இன்னும் மூன்று வாரம். அதுவரை அம்மாவை மாமா கூட்டிப்போகிறார். வண்டி வந்ததும் முதல் இறக்கத்துக்கு அவர் பக்கத்தில் உட்கார்வதாக ஏற்பாடு. குஞ்சப்பனையில் நிறுத்தி இந்தத் தடவை நானே கையை வைத்துப் பார்க்கப் போகிறேன்.